பக்கத்து இருக்கையின் கண்ணும் உங்கள் போன் திரையும்

கேள்வி: வெள்ளவத்தையில் அம்மாவுடனும் தம்பியுடனும் வசிக்கிறேன். கோட்டையிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். பெரும்பாலும் 100ஆம் இலக்க பஸ்ஸிலும், நேரம் பிந்தினால் கரையோரப் புகையிரதத்திலும் போய்வருவேன். அண்மையில், யாழ்ப்பாணத்திலிருக்கும் அக்காவுடன் எனது கலியாணப் பேச்சுப் பற்றி வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர், "மாப்பிள்ளை பகுதி எந்த ஊர், பிள்ளை?" என்று கேட்டார். எனக்குக் கூசிப்போயிற்று. அடுத்த கிழமை, நான் பேட்டர்ன் போட்டு போனைத் திறப்பதை, என் இருக்கைக்கு அருகில் நின்ற இளைஞர் ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதன் பிறகு பஸ்ஸில் போனை வெளியில் எடுக்கவே தயக்கமாக இருக்கிறது. அலுவலக மின்னஞ்சல்களும் இதே போனில்தான் வருகின்றன. பக்கத்தில் இருப்பவருக்குத் திரை தெரியாதபடி மறைக்கும் என்று கடைகளில் விற்கும் பிரைவசி கிளாஸை ஒட்டினால் போதுமா? இப்படிப் பார்ப்பவர்களிடம் என்ன சொல்வது? "மறைப்பதற்கு உன்னிடம் என்ன இருக்கிறது?" என்று தம்பி கேலி செய்கிறான். அம்மாவின் போனுக்கும் அந்தக் கண்ணாடியை ஒட்டலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிரைவசி கிளாஸ் வாங்குவது வீண்செலவல்ல. ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு சம்பவங்களில் ஒன்றைத்தான் அது நிச்சயமாகத் தடுத்திருக்கும். பக்கத்து இருக்கை அம்மாவுக்கு உங்கள் திரை கறுப்பாகத் தெரிந்திருக்கும். கலியாணப் பேச்சு உங்களுக்கும் அக்காவுக்கும் இடையிலேயே இருந்திருக்கும். அருகில் நின்றுகொண்டு மேலிருந்து பார்த்த இளைஞர் விடயத்தில் அப்படி உறுதி சொல்ல முடியாது. அந்த இரண்டாவது சம்பவமே என்னைக் கூடுதலாக யோசிக்க வைக்கிறது. முதலாவதில் உங்களுக்கு நேர்ந்தது மனக்கூச்சம். இரண்டாவதில் வெளியே போனது உங்கள் போனின் சாவி.

நிறுவனங்களில் தகவல் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும்போது, இந்தக் கண்ணாடியை ஒட்டிவிட்டதால் இனிக் கவலையில்லை என்று சொல்லும் பலரைக் காண்கிறேன். ஆகவே அது வேலை செய்யும் முறையை முதலில் விளக்கிவிடுகிறேன். அதன் படலத்துக்குள், வெறுங்கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத அளவு மெல்லிய கறுப்புத் தகடுகள் நெருக்கமாகவும் நிலைக்குத்தாகவும் அமைக்கப்பட்டிருக்கும். பழைய வீடுகளின் லூவர் யன்னலை நிமிர்த்தி வைத்ததைப் போல, நேரே நிற்பவருக்குத் தகடுகளின் இடைவெளியால் வெளிச்சம் வரும். பக்கவாட்டில் இருப்பவருக்குத் தகடுகளின் முகம் மட்டுமே தெரியும். நேர்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 30 பாகை தாண்டியதும் திரை இருண்டுவிடும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் இவ்வகைப் படலத்தைப் பல தசாப்தங்களாகக் கணினித் திரைகளுக்காகத் தயாரித்து வருகிறது. கைத்தொலைபேசிக்கான கண்ணாடிகளும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் அதன் எல்லைகளும் தாமாகவே விளங்கும். தகடுகள் நிலைக்குத்தாக இருப்பதால் அவை இடத்தையும் வலத்தையும் மட்டுமே மறைக்கும். போனைப் படுக்கையாகத் திருப்பி ஒரு காணொளியையோ எக்செல் தாளையோ பார்க்கும்போது, தகடுகளும் படுத்துவிடுவதால், பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் பழையபடி தெரியும். உங்களுக்கு நேர் பின்னால் இருப்பவரின் பார்வை உங்கள் பார்வையின் அதே கோட்டில் வருவதால், நீங்கள் காண்பதை அவரும் காண்பார். நான்கு பக்கமும் மறைப்பவை என்று விற்கப்படும் கண்ணாடிகள் மேலிருந்தும் கீழிருந்தும் வரும் பார்வையையும் ஓரளவு தடுக்கும். ஆனால் அவை திரையை மேலும் மங்கலாக்கும்.

நமது பஸ்களில் இந்த வேறுபாடு முக்கியமானது. ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர் அமரும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய நடைபாதையில், காலையிலும் மாலையிலும் இருக்கைகளில் இருப்பவர்களுக்குக் குறையாத கூட்டம் நின்றுகொண்டிருக்கும். அவர்கள் வேண்டுமென்று பார்க்கத் தேவையில்லை. மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாலே, நடைபாதை ஓரத்தில் இருப்பவரின் மடி முழுவதும் கண்ணில் படும். ஆகவே, தெரிவு இருக்குமானால் யன்னலோர இருக்கையே நல்லது. ஆனால் இருட்டிய பின் வீடு திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளியே இருளும் உள்ளே வெளிச்சமும் இருக்கையில் யன்னல் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். யன்னலுக்கு அருகே பிடித்த போனின் திரை அதில் விழுந்து, பின் இருக்கைக்காரரின் கண்ணுக்கு எட்டும். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தாலும், ஒரு புகைப்படத்தையோ முகத்தையோ அடையாளம் காண அது தடையாகாது.

கண்ணாடியை வாங்குவதென்று முடிவு செய்தால், யுனிட்டி பிளாசாவிலோ லிபர்ட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ எங்கு வாங்கினாலும், ஒட்டுவதற்கு முன் அதைத் திரைமேல் வைத்துப் பாருங்கள். நேரே பார்க்கும்போது தெளிவாகவும், நீங்கள் ஓரடி பக்கமாக நகர்ந்ததும் கறுப்பாகவும் தெரிய வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே அளவு மங்கலாக இருந்தால், அது சாயமேற்றிய கண்ணாடியே தவிர வேறொன்றுமில்லை. உங்கள் போனின் கைவிரல் உணரி திரைக்கு அடியில் இருக்குமானால், அந்தக் கண்ணாடியின் மேலால் அது விரலை அடையாளம் காண்கிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கைவிரல் வேலை செய்யாமல் போய், அதனால் நாள் முழுவதும் இரகசிய இலக்கத்தை அழுத்த வேண்டி வந்தால், பாதுகாப்புக்காக வாங்கிய பொருளே உங்கள் சாவியை அடிக்கடி வெளியில் காட்ட வைக்கும். திரை மங்கலாவதால் வெளிச்சத்தைக் கூட்டுவீர்கள், அதனால் மின்கலம் விரைவில் இறங்கும் என்பது சிறிய விலை, பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. கண்ணாடி ஒட்டுவதற்காகக் கடையில் போனைக் கொடுக்கும்போது திறந்தபடி கொடுக்காதீர்கள், அணைத்துவிட்டுக் கொடுங்கள். மேசை விளக்கின் கீழ் உங்கள் போன் படுத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் வரும் செய்திகளையெல்லாம், கடைக்காரத் தம்பி வேண்டாமென்றாலும் வாசிக்கத்தான் செய்வார். ஒட்டி முடிந்ததும் "சரியாக இருக்கிறதா பார்க்க" என்று இரகசிய இலக்கத்தைக் கேட்டால், நீங்களே திறந்து காட்டுங்கள்.

இனி அந்த பேட்டர்ன். இதை இன்றே மாற்றிவிடுங்கள். ஒன்பது புள்ளிகளை இணைத்துக் கோடு இழுக்கும் அந்தப் பூட்டு கைக்கு இலகுவானது. அதே காரணத்தால் பார்ப்பவரின் கண்ணுக்கும் இலகுவானது. மனிதக் கண் இலக்கங்களை மறக்கும், உருவத்தை மறக்காது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியையும் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட பரிசோதனையொன்றில், ஆறு புள்ளி பேட்டர்னை ஒரே ஒரு முறை பார்த்தவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் அதைச் சரியாகத் திருப்பிப் போட்டார்கள். விரல் இழுக்கும்போது கோடு தெரியாதபடி மறைத்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. ஆறு இலக்க இரகசிய எண்ணை ஒரு முறை பார்த்துப் பிடித்தவர்கள் ஏறத்தாழ 11 சதவீதத்தினர் மட்டுமே. பல முறை பார்க்க விட்டபோது அதுவும் 26 சதவீதத்துக்கு ஏறியது. தினமும் ஒரே நேரத்து பஸ்ஸில், ஒரே முகங்களுக்கு நடுவே பயணம் செய்யும் ஒருவருக்கு அந்தக் கடைசி எண்ணிக்கைதான் பொருந்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே ஆறு இலக்க எண்ணுக்கு மாறுங்கள். பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தின் பகுதிகளையும் தவிருங்கள். அதற்கு மேலாகக் கைவிரலையோ முகத்தையோ கொண்டு திறக்கப் பழகுங்கள், ஏனெனில் அப்போது பார்ப்பவர் பார்த்து எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. போனை அணைத்து மீண்டும் இயக்கிய பின்பும், இடைக்கிடையும், அது எண்ணைத்தான் கேட்கும். எனவே வீட்டை விட்டுப் புறப்படுமுன் ஒருமுறை எண்ணை அழுத்தித் திறந்துவிட்டுப் போவது நல்ல வழக்கம். பல அன்ட்ரொய்ட் போன்களில், கடவுச்சொல் எழுதும்போது கடைசியாக அழுத்திய எழுத்து ஒரு கணம் தெரிந்து மறையும். "ஷோ பாஸ்வேர்ட்ஸ்" என்ற தெரிவை நிறுத்தினால் அது தெரியாது. விசைப்பலகையில் அழுத்தும் எழுத்து பெரிதாக மேலெழும் வசதியையும் அவ்வாறே நிறுத்தலாம்.

இந்த எண்ணுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. 2023இன் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு வகைத் திருட்டைப் பற்றி விரிவாக எழுதின. மதுச்சாலைகளில் ஒருவர் தமது ஐபோனைத் திறக்கும் எண்ணைத் திருடர்கள் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு போனைப் பறிப்பார்கள். எண் கையில் இருப்பதால் சில நிமிடங்களுக்குள் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றி, உரிமையாளரை வெளியே தள்ளிவிடுவார்கள். அதன் பின்னர், 2024 ஜனவரியில் வந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 17.3 பதிப்பில், திருடப்பட்ட கருவிக்கான பாதுகாப்பு என்ற வசதியை ஆப்பிள் சேர்த்தது. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே, முக்கியமான மாற்றங்களுக்கு எண் மட்டும் போதாது; முகமோ விரலோ வேண்டும், சிலவற்றுக்கு ஒரு மணிநேரக் காத்திருப்பும் உண்டு. உங்கள் போன் அன்ட்ரொய்ட் என்பதை உங்கள் பேட்டர்னே சொல்கிறது. அதிலும் 2024இல் கூகுள் அறிமுகப்படுத்திய திருட்டுப் பாதுகாப்புத் தெரிவுகளில், கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடும் அசைவை உணர்ந்து திரையைத் தானாகப் பூட்டும் வசதி இருக்கிறது. செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் "தெஃப்ட்" என்று தேடி, இருந்தால் இயக்கிவிடுங்கள். வங்கி அப்பின் இரகசிய எண் போனின் எண்ணிலிருந்து வேறாக இருக்கட்டும். நம்மில் பலர் வங்கி அட்டைக்கும் போனுக்கும் அப்புக்கும் ஒரே எண்ணைப் பாவிக்கிறார்கள், அதில் ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றவையும் கிடைத்துவிடுகின்றன. சிம் அட்டைக்கும் தனி இரகசிய எண் வைக்கலாம்; அதைக் கழற்றி வேறொரு போனில் போட்டு உங்கள் வங்கிக் குறுஞ்செய்திகளை வாங்குவதற்கு அது தடையாக இருக்கும்.

பார்வை எப்போதும் திறந்த திரையின் மீதுதான் விழும் என்றும் எண்ண வேண்டாம். மடியிலோ அலுவலக மேசையிலோ பூட்டியபடி கிடக்கும் போன், "உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் வரவு வைக்கப்பட்டது" என்று தானாகவே ஒளிர்ந்து அறிவிப்பதை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்! ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ஓடிபி எண்ணும் அவ்வாறே பூட்டுத் திரையில் வந்து நிற்கும். இதற்குக் கண்ணாடி தேவையில்லை. ஒரு தெரிவை மாற்றினால் போதும். அன்ட்ரொய்டில் செட்டிங்ஸுக்குள் நோட்டிபிகேஷன்ஸ் பகுதியில், பூட்டுத் திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவு இருக்கிறது. ஐபோனில் அதே பகுதியில் "ஷோ பிரிவியூஸ்" என்பதை "வென் அன்லொக்ட்" என்று வைத்தால், செய்தி வந்தது தெரியும், என்ன செய்தி என்பது நீங்கள் திறக்கும்வரை தெரியாது. எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள் என்றுதான் நான் யாரிடமும் சொல்வேன். செலவில்லை, திரை மங்குவதுமில்லை, ஒருமுறை செய்தால் நிலைத்திருக்கும்.

வாட்ஸ்அப்பில், குறிப்பிட்ட ஓர் உரையாடலை மட்டும் பூட்டி வைக்கும் வசதி 2023இல் வந்தது. அக்காவுடனான உரையாடலை அவ்வாறு பூட்டினால், அது பொதுப் பட்டியலில் தெரியாது. அதிலிருந்து வரும் அறிவிப்பிலும் பெயரோ செய்தியோ காட்டப்படாது. ஆனால் அதைத் திறந்து பஸ்ஸில் எழுதத் தொடங்கிய பின் பூட்டினால் பயனில்லை. அந்த இடத்தில் கண்ணாடியும், கை அணைவும், சிறிய எழுத்துருவும், குறைத்த வெளிச்சமும்தான் உதவும். எழுத்துருவின் அளவைப் பற்றிப் பலர் நினைப்பதேயில்லை. கண்ணுக்கு வசதியென்று பெரிதாக்கிய எழுத்தை இரண்டு இருக்கை தள்ளி இருப்பவரும் வசதியாகவே வாசிப்பார். கலியாணப் பேச்சு போன்றவற்றுக்கு எனது ஆலோசனை வேறு: அவற்றை வீட்டில் இருந்து பேசுங்கள். வெள்ளவத்தையில் முன்பின் தெரியாதவர் என்று நாம் நினைப்பவர், இரண்டு கேள்விக்குள் பெரியம்மாவின் அயலவராகிவிடுவார் என்பது நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதல்ல.

அலுவலக மின்னஞ்சல் விடயத்தில் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். கணக்குப் பிரிவில் உள்ள ஒருவரின் போனில் சம்பளப் பட்டியல் திறந்தால், அதில் ஒவ்வோர் ஊழியரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் ஒரே வரிசையில் வரும். அதை அகலமாகப் பார்க்க போனைத் திருப்புவீர்கள். திருப்பியதும் கண்ணாடி கைவிட்டுவிடும் என்பதை மேலே சொன்னேன். பக்கத்தில் இருப்பவர் அதை வாசிக்கக்கூட வேண்டியதில்லை, தமது போனால் ஒரு படம் எடுத்தால் போதும். மற்றவர்களின் தரவுகளைக் கையாளும் நிறுவனம் அவற்றின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு கடப்பாடாக வகுத்திருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் இதற்கு விதி இல்லையென்றால், மின்னஞ்சலோடு வரும் கோப்புகளை அலுவலகத்துக்கு வெளியே போனில் திறப்பதில்லை என்ற விதியை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று மேலாளர் பஸ்ஸில் இருக்கும் உங்களிடம் கேட்டால், "இறங்கியதும் பார்த்துச் சொல்கிறேன் சேர்" என்பது முற்றிலும் தொழில்முறையான பதில்.

பார்ப்பவர்களிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். மியூனிக் நகரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 174 பேரிடம் அவர்களது அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அடுத்தவர் திரையைப் பார்ப்பது பெரும்பாலும் பொதுப் போக்குவரத்தில், அறிமுகமற்றவர்களிடையே, பொழுதுபோகாமையாலும் ஆவலாலும் சந்தர்ப்பவசமாக நடப்பதே தவிர, தீய நோக்கத்தோடு நடப்பது அரிது என்பது அவர்களது முடிவு. பார்க்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியவே இல்லை. தெரிந்தபோது இரு தரப்புக்கும் சங்கடமே மிஞ்சியது. உங்கள் அனுபவமும் அதுதான். கேள்வி கேட்ட அம்மாவைத் திருடியாக நினைக்க வேண்டியதில்லை. திரையை அணைத்து போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "வீட்டு விசயம், அம்மா" என்று சிரித்தபடி சொன்னால் அநேகமாகப் புரிந்துகொள்வார். புரியாதவர்களுக்கு, அவர்கள் பார்க்கும்போதே திரையை அணைத்து ஒருமுறை முகத்தை நேராகப் பார்ப்பது போதும். எந்த வார்த்தையும் தேவைப்படாது.

பேட்டர்னை உற்றுப் பார்ப்பவரிடம் பேச்சே வேண்டாம். போனைப் பையில் வைத்து, முடிந்தால் இடம் மாறி, இறங்கியதும் பூட்டை மாற்றுங்கள். ஒருவர் தமது போனின் கமராவை உங்கள் திரையை நோக்கியோ உங்களை நோக்கியோ பிடிப்பதைக் கண்டால் அது வேறு விடயம்: கூச்சப்படாமல் உரக்கச் சொல்லி, நடத்துநரின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள், தேவையானால் 119ஐ அல்லது பெண்களுக்கும் சிறுவர்களுக்குமான பொலிஸ் பிரிவின் 109ஐ அழையுங்கள். எட்டிப் பார்ப்பதற்காக மட்டும் ஒருவரைச் சட்டத்தின் முன் நிறுத்துவது இலகுவல்ல. ஆனால் பார்த்து வைத்த எண்ணைக் கொண்டு உங்கள் போனுக்குள்ளோ கணக்குக்குள்ளோ அனுமதியின்றி நுழைவது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றம். அச்சட்டம் கணினி என்பதற்குக் கொடுக்கும் பொருள் போனையும் உள்ளடக்கும் அளவு விரிவானது. அவ்வாறு நடந்ததாகச் சந்தேகித்தால் முதலில் வங்கிக்கும், பிறகு பொலிஸுக்கும் அறிவியுங்கள். கணக்குகளை மீட்பது பற்றிய தொழில்நுட்ப ஆலோசனைக்கு கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்தை அழைக்கலாம்.

திரையை மறைப்பதில் இவ்வளவு கவனம் செலுத்தும் நாம், வாயை மறந்துவிடுகிறோம். கையால் போனை அணைத்து மூடிக்கொண்டே, "என்னுடைய அடையாள அட்டை நம்பரை எழுதுங்கோ" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்பவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ரீலோட் கடையில் வரிசையில் நின்று இலக்கத்தை உரக்கச் சொல்வதும் அப்படியே. அறிமுகமற்ற அழைப்புகள் எங்கிருந்து தொடங்கின என்று வியக்கும் இளம்பெண்கள் இதையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அல்லது அப்பிலேயே ரீலோட் செய்துகொள்ளலாம்.

தம்பியின் கேலிக்கு ஒரு வரி. உங்கள் திரையில் இருப்பது உங்களுடையது மட்டுமல்ல: அக்காவின் சொற்கள், மாப்பிள்ளை வீட்டாரின் விபரங்கள், உங்கள் சக ஊழியர்களின் சம்பளம். அவர்களுக்காக முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கோ தம்பிக்கோ இல்லை. அதற்குப் பிறகும் அவர் சிரித்தால், அவரது போனைத் திறந்தபடி பத்து நிமிடம் உங்களிடம் தரச் சொல்லிப் பாருங்கள்.

அம்மாவின் போனுக்கு அந்தக் கண்ணாடி வேண்டாம். வயதானவர்களின் கண்ணுக்கு வெளிச்சமும் பெரிய எழுத்தும் தேவை. இந்தக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் குறைத்துவிடும். திரை மங்கினால் வாசிக்க முடியாமல், போனையே அடுத்தவர் கையில் கொடுத்து, "இதில் என்ன போட்டிருக்கு, பாருங்கோ தம்பி" என்று கேட்பார்கள். வங்கியிலும் மருந்துக் கடையிலும் இது ஏற்கனவே நடக்கிற கதைதான். அவரது எழுத்துரு பெரிதாகவே இருக்கட்டும். பூட்டுத் திரையில் செய்தி தெரியாதபடி நீங்கள் மாற்றிக் கொடுங்கள். வங்கியிலிருந்து வரும் ஓடிபி எண்ணை வங்கி ஊழியர் என்று சொல்பவர் உட்பட எவருக்கும் வாசித்துக் காட்டக்கூடாது என்பதையும், எந்த வங்கியும் அதைத் தொலைபேசியில் கேட்பதில்லை என்பதையும் பொறுமையாக, ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். வயது சென்றவர்களின் விரல் ரேகை தேய்ந்திருந்தால் உணரி பிடிக்காமல் போகலாம். அப்போது ஒரே விரலை இரண்டு மூன்று தடவை தனித்தனியாகப் பதிந்து வைத்தால் பெரும்பாலும் சரிவரும்.

கடைசியாக, அவரது போனின் ஒளிபுகும் பின்னுறையைக் கழற்றிப் பாருங்கள். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை எழுதிய துண்டொன்றை அதற்குள் செருகி வைத்திருக்கும் பெற்றோர் நான் அறிந்தவரையில் குறைவல்லர். இருந்தால் எடுத்துவிட்டு, வங்கிக்குச் சென்று எண்ணை மாற்றி, அவருக்கு மட்டுமே நினைவில் நிற்கக்கூடிய வேறொன்றைத் தெரிவு செய்ய உதவுங்கள். அவர் அந்த எண்ணை அழுத்தும்போது நீங்களும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.